தங்கக் காசில் ஒரு பெண் முகம்

ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் பிறந்த 150-ம் ஆண்டின் ஞாபகார்த்தமாக, 2012-ல் ஆஸ்திரியா நாணயசாலை ஒரு தங்கக் காசு வெளியிட்டது. ஐந்து காசுகள் கொண்ட வரிசையில் இது முதலாவது. முகமதிப்பு 50 யூரோ. சொக்கத் தங்கம் 10 கிராம். நம் வீட்டுக் கணக்கில் ஒன்றேகால் பவுன்! அதில் இருப்பது, 1907-ல் அவர் பொன் ரேக்கு ஒட்டித் தீட்டி முடித்த அடேல் ப்ளாக்-பாவர் அம்மாளின் முகம். (கிளிம்டின் தகப்பனாரும் தங்கத்தில் சித்திரம் செதுக்கியவர்தான்.)

அம்மாள் வியன்னாவில் வாழ்ந்த யூதப் பெண்மணி, 1925-ல் காலமானார். 1938-ல் நாஜிகள் புகுந்ததும் கணவர் நாட்டை விட்டே ஓடினார். படம் பறிபோயிற்று. யுத்தம் முடிந்த பிறகும் அது வீடு திரும்பவில்லை. வியன்னாவின் பெல்வெடேர் காட்சிசாலையிலேயே தொங்கிற்று.

அமெரிக்காவில் குடியேறியிருந்த அக்காள் மகள் மரியா ஆல்ட்மன் விடுவாரா? எண்பது வயதுக்கு மேல் வழக்காடி, 2006-ல் சித்தியின் படத்தை மீட்டே விட்டார். படம் நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

எளிதில் திருப்பிக் கொடுக்க மனம் வராத அதே நாடுதான், ஆறு வருஷம் கழித்து அந்த முகத்தைத் தன் காசில் பொறித்துக்கொண்டது! மரியா அதைப் பார்க்கவில்லை. முந்திய வருஷமே, 94-ம் வயதில் கண்ணை மூடிவிட்டார்.