செய்தவன் இல்லாத மூன்று வரிகள்

தமிழ்நாட்டில் அரசுப் பாடநூலைத் திறந்து படித்த யாருக்கும் அந்த மூன்று வரிகள் தெரியும். தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மை இல்லாதது என்று சொல்கிற வரிகள். தமிழ்ப் புத்தகமானாலும் கணக்குப் புத்தகமானாலும் பாடம் ஆரம்பிக்கும் முன்னால் அதுதான் நிற்கும். அதே புத்தகத்தில் அரசாங்க முத்திரையும் இருக்கும். முத்திரையில் இருப்பது எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று எங்கள் பக்கத்தில் பெருமை பேசாத ஆள் கிடையாது. கோபுரமும் தீண்டாமையும் ஒரே புத்தகத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத மாதிரி.

நான் அஞ்சாப்பு படித்தது 1980களின் தொடக்கத்தில். தமிழ் சார் எழுவாய், பயனிலை நடத்தினார். "யாருன்னு கேளு, எதுன்னு கேளு. வர்ற பதில்தான் எழுவாய்." எனக்கு அது பிடித்துப்போனது. கண்ணில் பட்ட வாக்கியத்தையெல்லாம் யார், எது என்று குடைந்துகொண்டிருந்தேன். மறுநாள் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சார், இதுல எழுவாய் எது சார்?"

"தீண்டாமைதான்டா."

"அதைச் செய்யிறது யாரு சார்?"

வகுப்பில் சத்தமே இல்லை. சார் என்னைப் பார்த்தார், அப்புறம் சன்னலைப் பார்த்தார். "அதெல்லாம் பரிச்சையில வராது. உக்காரு" என்றார்.

அந்த வகுப்பின் மூலையில் ஒரு தண்ணிப்பானை இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதில் மோந்து குடிக்கக்கூடாது. வேறு யாராவது ஊற்றினால் கையை ஏந்திக் குடிக்கலாம். இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை, சுவரில் எழுதி ஒட்டியதுமில்லை. ஆனால் ஒண்ணாப்பு முடிவதற்குள் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். யாரும் நடத்தாமலேயே நாங்கள் நூற்றுக்கு நூறு வாங்கிய பாடம் அது.

இன்றைக்கு நானும் வாத்தியார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் முப்பது வருசமாக பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று இந்த நாட்டில் சண்டை வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வருகிறது. சண்டை எப்போதும் புத்தகத்தைப் பற்றித்தான் நடக்கிறது. பானையைப் பற்றி ஒருத்தரும் சண்டை போடுவதில்லை.

*

1953ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து அடித்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1952ல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போன காமராசர், 1954ல் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் பகுதியில் இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் என் தாத்தா வேறு மாதிரி சொல்வார். "தச்சன் மகனுக்குத் தச்சு, கொசவன் மகனுக்குப் பானைன்னு மேடையில பேசுனாக. நம்ம புள்ளைக்கு என்ன வேலைன்னு ஒருத்தனும் வாயத் தொறக்கல." செத்த மாட்டை இழுத்துப் போடுவதும், இழவுக்குப் பறை அடிப்பதும், பண்ணையில் விடிய விடியக் கிடப்பதும் எந்தப் பாடவேளையில் வரும் என்று திட்டத்தைப் போட்டவர்களும் சொல்லவில்லை, எதிர்த்தவர்களில் பலரும் கேட்கவில்லை.

திட்டம் போனது. விளக்குமாறு போகவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கவும், சாக்பீஸ் எடுத்து வரவும், சாருக்கு டீ வாங்கி வரவும் ஊர்த்தெருப் பிள்ளைகள். வகுப்பைக் கூட்டவும் கக்கூசுக்குத் தண்ணி ஊற்றவும் எங்கள் தெருப் பிள்ளைகள். குலக்கல்வி 1954ல் செத்துவிட்டது என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் ஒருநாள் காலையில் பள்ளிக்கூடம் கூட்டுகிற நேரத்துக்கு வந்து பார்த்திருக்கலாம்.

*

2011ஐயும் மறக்க முடியாது. சமச்சீர் கல்வி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அச்சடித்த புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. கூடவே, ஆட்சி மாறிவிட்டதால் இன்னின்ன பக்கத்தை மறைக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. நானும் பசையும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒட்டியவன்தான். சம்பளம் வாங்குகிற கை, ஒட்டியது.

மறுநாள் என் வகுப்புப் பையன் ஒருத்தன் அந்தப் பக்கத்தைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். மற்ற பாடத்தை அவன் அத்தனை ஆசையாக என்றைக்கும் படித்ததில்லை. சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மறைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கலாம். எழுதவே எழுதாததை எந்த வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது?

*

தோழர்களே, இனிச் சொல்வது நம்மவர்களுக்கே கசக்கும்.

2012ல் அம்பேத்கர் கேலிச்சித்திரப் பிரச்சினை வந்தது. 1949ல் சங்கர் வரைந்த படம்: நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் அது இருந்தது. மே மாதம் தொல். திருமாவளவன் மக்களவையில் பிரச்சினையை எழுப்பினார். அரசாங்கம் படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னது. அன்றைக்கு நானும் நண்பர்களோடு சேர்ந்து நீக்கு என்று கத்தியவன். அந்தக் கோபத்துக்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. படத்தைச் சுற்றிப் பாடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிஞர்கள் விளக்கினார்கள். அவர்களுக்கு வகுப்பறை தெரியாது. சாட்டை, அதன் முன்னால் அம்பேத்கர், பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு, தலையைக் குனிந்துகொள்கிற ஒரே ஒரு பிள்ளை. இதை எந்த விளக்கக் குறிப்பும் தடுக்காது.

ஆனால் அழிரப்பரை நாம் தொட்ட பிறகு அது யார் யார் கைக்கெல்லாம் போனது என்று பாருங்கள். சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் உடையின் வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் ஒரு பகுதி தோள்சீலைப் போராட்டம். திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, துணி கிழிபட்டு, 1859 வரை போராடிய வரலாறு. தங்கள் முன்னோரை அது இழிவுபடுத்துகிறது என்று தமிழ்நாட்டுத் தலைவர்கள் எதிர்த்தார்கள். 2016 டிசம்பரில் அந்தப் பகுதியை நீக்கச் சொல்லி சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2019ல் அந்தப் பாடமே நூலிலிருந்து போனது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா. தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில். மேடைக்கு வந்த வரலாறு அந்தப் புத்தகத்தில் இல்லை.

இழிவு யாருக்கு? அடிபட்டவளுக்கா, அடித்தவனுக்கா? துணியைக் கிழித்தவனின் பேரன் தலைநிமிர்ந்து வகுப்பில் உட்கார்ந்திருக்க, கிழிபட்டவளின் பேத்தி கூசிப்போகிறாள் என்றால், கோளாறு அந்தப் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்தை நடத்தத் தெரியாத பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நீக்கு என்பது நமக்கு ஒருநாள் கைகொடுக்கும். மற்ற எல்லா நாளும் அவர்களுக்குத்தான் கைகொடுக்கும். நம்முடைய கோரிக்கை 'எழுது' என்பதாகத்தான் இருக்க முடியும்.

*

எழுதியதற்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதற்கும் எங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஸ் தூரம் வத்திராயிருப்பு. அதை ஒட்டிய புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. 1992ல் 'கருக்கு' வந்தது. அதிலிருந்து ஒரு பகுதி, என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் இடம் பெற்றது. பலகாரப் பொட்டணத்தைக் கை படாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பெரியவரை ஒரு சிறுமி வேடிக்கையாகப் பார்க்கிற இடம் அது. சில வருசத்துக்கு முன்னால் என் அக்கா மகள், பக்கத்து வீட்டு சி.பி.எஸ்.இ. பிள்ளையின் புத்தகத்தை வாங்கிவந்து என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இது நம்ம தாத்தா கதை மாதிரியே இருக்கு. இதை ஏன் இங்கிலீசுல எழுதியிருக்காங்க?"

"தமிழ்லதான் எழுதுனாங்க தாயி. இந்தா, நம்ம வத்திராயிருப்புப் பக்கத்துல."

"அப்ப எங்க தமிழ்ப் புக்குல ஏன் இல்ல?"

அவளிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. பக்கத்து ஊர்த் தெரு தில்லிக்குப் போய், இங்கிலீசு கற்றுக்கொண்டு, காசு கட்டிப் படிக்கிற பிள்ளையின் பை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தில்லியும் ஒன்றும் சொர்க்கமில்லை. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் எடுத்துவிட்டார்கள். மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும் போனது. பேராசிரியர்கள் பலர் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தும் பலனில்லை.

இதையும் அதையும் சேர்த்துப் பாருங்கள். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசினார். அதில் ஒரு மேற்கோள் தவறு என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நாடு முழுக்கப் பேச்சு. ஆண்டாளின் தமிழை நான் வகுப்பில் ரசித்து நடத்துகிறவன். அவளோடு எனக்கு வழக்கில்லை. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் மானத்துக்கு அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கிற ஒரு பெண் எழுதியதைப் பாடத்திலிருந்து எடுத்தபோது எங்கள் ஊர்த் தேரடியில் எத்தனை பேர் கூடினோம்? நம்மையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

*

பிள்ளைகளிடம் சாதியைப் பற்றிப் பேசினால் சாதி வளரும் என்று ஒரு வாதம் இருக்கிறது. நல்ல மனசுக்காரர்களே சொல்கிறார்கள். பேசாமலே வளர்ந்ததற்குக் கணக்கு வேண்டுமா? மாணவர்கள் கையில் கலர் கலராகச் சாதிக் கயிறு. 2019ல் பள்ளிக்கல்வி இயக்குநர் அதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்பு வந்ததும் அரசாங்கம் பின்வாங்கியது. 2023 ஆகஸ்ட் 9ல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அவர்களும் அந்த மூன்று வரி அச்சடித்த புத்தகத்தைத் தினமும் தூக்கிச் சுமந்தவர்கள்தான்.

அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், பாடத்திட்டத்தைச் சமூகநீதிக் கண்ணோடு திரும்பப் பாருங்கள் என்றது. உடனே கூச்சல். பிள்ளைகளைப் பிரிக்கிறார்களாம். கயிறு பிரிக்கவில்லை, கயிற்றைக் கழற்றச் சொன்னது பிரித்துவிட்டது!

அந்த வருசம் என் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். கரும்பலகையில் அந்த மூன்று வரியை எழுதி, கீழே மூன்று கேள்வி: யார்? யாருக்கு? எங்கே? பேர் எழுதாமல் துண்டுத்தாளில் பதில் எழுதிப் போடச் சொன்னேன். 'டீக்கடையில' என்று ஒன்று. 'கோயில் கொடையில' என்று ஒன்று. 'எனக்குத் தெரியாது' என்று நிறைய. ஒரு தாளில், 'எங்க அப்பாயி. வேலைக்கு வர்ற அக்காவுக்குத் தனி டம்ளர். ஆனா எங்கிட்ட ரொம்பப் பாசமா இருக்கும்.'

கையெழுத்து எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவன் அப்பா வந்தார். "என்ன சார், புள்ளைகளுக்குச் சாதி சொல்லிக் குடுக்கிறீங்களாம்ல?"

"நான் சொல்லிக் குடுக்கலண்ணே. உங்க வீட்டுல படிச்சதை அவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான்."

மேலே மனு போனது. என்னைக் கூப்பிட்டு, பாடத்தை மட்டும் நடத்தச் சொன்னார்கள். நான் அஞ்சாப்பில் கேட்ட அதே பதில்.

அந்தப் பையன் ஒரு வரியில் எழுதியதைப் பாடநூல் கமிட்டிகள் இத்தனை வருசமாக எழுதவில்லை. பாவத்தைச் செய்கிறவர் கொம்பு முளைத்த அரக்கன் இல்லை, மடியில் வைத்துச் சோறு ஊட்டுகிற அப்பாயி என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். அதைப் படிக்கிற பிள்ளைதான் நாளைக்கு டம்ளரை மாற்றும். நான் கேட்கிற கல்வி இதுதான்.

இப்போது புத்தகத்தில் அயோத்திதாசர் வந்திருக்கிறார், ரெட்டைமலை சீனிவாசன் வந்திருக்கிறார், எம்.சி. ராஜா வந்திருக்கிறார். சும்மா வரவில்லை, சண்டை போட்டுத்தான் வந்தார்கள். சந்தோசம். ஆனால் பெயர் வந்தால் போதாது. 1968 டிசம்பர் 25ல் வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தது யார், 1997ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டியது ஏன் என்று, செய்தவனையும் செயப்பட்டவனையும் சேர்த்து முழு வாக்கியமாக எழுதுங்கள். நம் தெருவை நம் பிள்ளை தமிழிலேயே படிக்கட்டும். ஊர்த்தெருப் பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கட்டும். அதை நடத்த வாத்தியாருக்குப் பயிற்சி கொடுங்கள், மனு வந்தால் கூட நில்லுங்கள்.

அந்த மூன்று வரியை எடுக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும். நாலாவது வரியில் செய்தவன் வரட்டும்.