கல்லூரி விண்ணப்பத்திற்கு முன் ஒரு கணக்குத் தாள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால், அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் நம் இல்லங்களில் கல்லூரிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அண்மைக் காலமாகப் பெற்றோர் பலர், "பிள்ளை நன்றாக வரைகிறான் ஹஜ்ரத், கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா?" என்று கேட்கின்றனர். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் என்ன விலை கொடுத்துச் சேர்க்கிறோம் என்பதை எழுதிப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனை எழுத்தில் பதிவு செய்வதைப் பற்றி. கொடுக்கல் வாங்கலில் இத்தனை கவனத்தைக் கற்றுத்தரும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், பல லட்ச ரூபாய்ச் செலவை வாய்ப்பேச்சிலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தனியார் கல்லூரி ஒன்றில் கட்டணம், விடுதி, உணவு, மடிக்கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுகளுக்கு 12 லட்சம். அதில் 8 லட்சத்தை, ஆண்டுக்கு 2 லட்சம் வீதம், 10 விழுக்காடு வட்டியில் வங்கிக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தனி வட்டி மட்டுமே சேர்ந்தாலும், தவணை தொடங்கும்போது கடன் 10 லட்சத்து 80 ஆயிரமாகியிருக்கும். பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 14,270 ரூபாய். கட்டி முடிக்கும்போது, வாங்கிய 8 லட்சத்திற்கு 17 லட்சம் செலுத்தியிருப்போம்.

பிள்ளையின் தொடக்கச் சம்பளம் 20,000 என்று கொண்டால், சென்னையில் அறை வாடகைக்கும் உணவுக்கும் 10,000 போக எஞ்சுவது 10,000. தவணைக்கே அது போதாது. அல்பகராவின் 275ஆம் வசனம் வட்டியைத் தடை செய்திருப்பதை நாம் அறிவோம். ஆகவே வட்டியை அஞ்சுபவர் தாயின் நகையை விற்கிறார், அல்லது வளைகுடாவில் இருக்கும் மச்சானிடம் கைக்கடன் வாங்குகிறார். அதில் வட்டிப் பாவம் இல்லை. ஆயினும் நகையும் உழைப்பின் சேமிப்புதான். கைக்கடனும் திருப்பித் தர வேண்டிய அமானத்துதான். அவையும் கணக்குத் தாளில் ஏற வேண்டும்.

இத்துறையின் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது. வடிவமைப்பாளரை வேலைக்கு எடுப்பவர்கள், அவர் இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பையே முதலில் பார்க்கிறார்கள். சான்றிதழ் அதற்குப் பின்னர்தான். 2013இல் வந்த கேன்வா, அழைப்பிதழையும் விளம்பர அட்டையையும் எவரும் செய்துகொள்ளும்படி எளிதாக்கிவிட்டது. 2022 முதல், எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பரவிவிட்டன. மென்பொருளை இயக்கத் தெரிந்திருப்பது மட்டும் இனி நல்ல சம்பளத்தைப் பெற்றுத் தராது. எழுத்துருவின் அழகை அறிந்த கண், அச்சகத்தின் நடைமுறை, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறியும் பொறுமை ஆகியவற்றுக்கே மதிப்பு நிலைக்கும்.

"அப்படியானால் பட்டமே வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். அரசுத் தேர்வுகளுக்கும், வெளிநாட்டு விசாவுக்கும், பின்னர் வேறு துறைக்கு மாறவும் பட்டம் துணை நிற்கும். அதைக் குறைந்த செலவில் பெறும் வழிகள் உண்டு என்பதே நான் சொல்ல வருவது.

நம் மாவட்டத்திற்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. 1887இல் பள்ளியாகத் தொடங்கிய கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி, புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் வழியே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. 1850இல் தோன்றிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் உண்டு. இவ்விரண்டிலும் காட்சிவழித் தகவல் வடிவமைப்பில் நான்காண்டுப் பட்டம் படிக்கலாம். அரசுக் கல்லூரிகள் என்பதால் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. இடங்கள் சிலவே, வரைதிறனைச் சோதித்தே சேர்ப்பார்கள். ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே பயிற்சி தொடங்க வேண்டும்.

அங்கு இடம் கிடைக்காவிட்டால், புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் ஏதேனும் ஒரு பட்டம் படித்துக்கொண்டே, மாலையில் அச்சகத்திலோ வடிவமைப்பகத்திலோ தொழில் பழகலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசின் கல்வி இடங்களில் 2007 முதல் நமக்குரிய 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டையும் மறந்துவிடக் கூடாது.

2010 ஜூலை 15 அன்று இந்திய அரசு ஏற்ற ரூபாய்ச் சின்னத்தை வரைந்தவர் தமிழரான உதயகுமார். அவர் முதலில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பயின்றது கட்டடக் கலை. அதன் பின்னரே மும்பை ஐஐடியில் வடிவமைப்பு பயின்று, தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தார். இத்துறைக்கு வரும் வழி ஒன்றே அன்று என்பதற்கு இது சான்று.

எனவே பெற்றோர்களே, முன்பணம் கட்டுமுன் அக்கல்லூரியில் மூன்றாண்டுகளுக்கு முன் படித்து முடித்த ஐந்து பேரையேனும் தேடிப் பேசுங்கள். இன்று எங்கே வேலை செய்கிறார்கள், கையில் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். கல்லூரியின் விளம்பரப் பலகையில் இருப்பவர்கள் அக்கல்லூரி தேர்ந்தெடுத்தவர்கள். நீங்கள் தேடிப் பிடிப்பவர்களே உண்மை நிலவரம் சொல்வார்கள். மொத்தச் செலவை ஒரு பக்கமும், அவர்கள் சொன்ன ஊதியத்தை மறு பக்கமும் எழுதி, பிள்ளையையும் அருகில் அமர்த்தி மஷூரா செய்யுங்கள். பிறகு இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். பிள்ளையின் திறமை அல்லாஹ் தந்த அமானத். கடன் சுமையில் அது நசுங்கிவிடாமல் காப்பது நம் பொறுப்பு.