கண்ணீருக்கு ஓர் அணை

 

“என் உம்மாவுக்கு வயது 58. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓத அமர்ந்தால், சிறிது நேரத்திலேயே கண்கள் எரிகின்றன. மணல் விழுந்தாற்போல் உறுத்துகின்றன. சொட்டு மருந்து பல முறை விட்டும் குணமில்லை. கண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ‘அல்லாஹ் வைத்த வழியை அடைப்பதா? அடைத்தால் பிறகு திறக்க முடியுமா?’ என்று உம்மா அஞ்சுகிறார்கள்” என ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

அந்த அச்சம் இயல்பானதே. முதலில் அந்த வழியைத் தெரிந்துகொள்வோம்.

கண்ணில் மருந்து விட்டால் சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். மூக்கை ஒட்டிய கண் முனையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக ஊசிமுனை போன்ற இரு துளைகள் உள்ளன. நாம் இமைக்குந்தோறும் பழைய கண்ணீர் அவற்றின் வழியே மூக்கினுள் இறங்குகிறது. புதிய கண்ணீர் விழியை நனைக்கிறது. சுரப்பது குறைந்துபோன கண்ணில், உள்ள சிறிதளவு நீரும் இப்படி வடிந்துவிட்டால் விழி காய்ந்து புண்படும். ஊற்று வற்றிய கோடையில், குளத்தில் எஞ்சிய நீரைக் காக்க மதகை அடைக்கிறோம் அல்லவா? இச்சிகிச்சையும் அத்தகையதே. ஆனால் இது அணைதான், ஊற்று அன்று. இருக்கும் கண்ணீரைத் தேக்குமே தவிர, புதிதாகச் சுரக்க வைக்காது.

எனவே, வறட்சியின் காரணத்தை முதலில் கண்டறிய வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டுகளும் வலித்தால், ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரன் 1933இல் விரிவாக விளக்கிய நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். மருத்துவர் கீழ் இமையில் ஒரு தாள் துண்டை 5 நிமிடம் வைத்துப் பார்ப்பார். அது 5 மி.மீ. அளவுகூட நனையாவிடில் சுரப்பு மிகக் குறைவு என்று பொருள். இமையோரம் வீங்கிச் செதில் உதிர்ந்தால், அதை ஆற்றிய பின்பே துளையை அடைப்பது முறை. இல்லையேல் அழற்சி கலந்த நீரே கண்ணில் தேங்கி நிற்கும்.

அடைப்பான் பொருத்துவது எளிது. மயக்க ஊசி இல்லை, கத்தியும் இல்லை. உருப்பெருக்கிக் கருவியின் முன் நோயாளியை அமர்த்தி, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, துளையை அளந்து, அரிசி மணியினும் சிறிய அடைப்பானைச் செருகுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். பெரும்பாலும் கீழ் இமைத் துளைகளை மட்டுமே முதலில் அடைப்பார்கள். மேல் வழி திறந்தே இருக்கும். அஞ்சுபவர்களுக்குச் சில நாட்களில் தானே கரையும் கொலாஜன் அடைப்பானை வைத்துச் சோதித்துப் பார்ப்பதும் உண்டு. அதில் நலம் கண்டால், நெடுநாள் நிற்கும் சிலிக்கோன் அடைப்பானை வைக்கலாம்.

இனி உம்மாவின் இரண்டாவது கேள்வி. ஆம், திறக்க முடியும். தலைப்பகுதி துளைக்கு வெளியே தெரியும் வகையாயின், மருத்துவர் சிறு இடுக்கியால் பற்றி நொடியில் எடுத்துவிடுவார். குழாயின் உள்ளே முழுதும் மறைந்திருக்கும் வகையை உப்பு நீர் பீய்ச்சி மூக்கின் வழியே வெளியேற்றுவார்கள். அரிதாக அதற்குச் சிறு அறுவையும் தேவைப்படலாம். ஆகவே எந்த வகை வைக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

கன்னத்தில் ஓயாமல் நீர் வழிந்தாலும், அடைப்பானின் தலை விழியில் உராய்ந்தாலும், கண் முனையில் வலி, வீக்கம், சீழ் தோன்றினாலும், அங்கே சதை வளர்ந்தாலும் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டிலேயே நகத்தாலோ ஊசியாலோ எடுக்க ஒருபோதும் முயலாதீர்கள். துளை கிழியலாம், அடைப்பான் உள்ளே நழுவியும் விடலாம். தானே விழுந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். தேவையெனில் வேறொன்று பொருத்திக்கொள்ளலாம்.

ஒளுச் செய்யும்போது முகம் கழுவத் தடையில்லை. கண்ணின் உள்முனையை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். கடைச் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் இருப்பது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது, அவற்றைத் தவிர்த்திடுக. நோன்பு நாட்களில் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டுத் துன்புறுவோரும் உளர். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலைப்பாடு. ஐயம் இருப்பின் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எந்தக் கண், எந்த இமை, எந்த வகை, எந்த நாள் என்பதை ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு வையுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். ஆண்டுகள் கழித்துக் கண் முனை வீங்கும்போது, உள்ளே ஓர் அடைப்பான் இருப்பதை வயதான உம்மா மறந்திருக்கலாம். புதிய மருத்துவருக்கோ அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அப்போது அந்த ஒரு தாள்தான் பேசும்.

சகோதரியே, அல்லாஹ் வைத்த வழியை அழிப்பதன்று இது. அவன் தந்த கண்ணீரில் எஞ்சியதைப் பேணுவது. உம்மாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துரையுங்கள். அவர்கள் மீண்டும் அமைதியாக அமர்ந்து குர்ஆன் ஓதிட வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.