முதுமலைக்கு கார்ல போறீங்களா? இ-பாஸ் மட்டும் போதாதுங்க!

ஊட்டி: லீவு விட்டாலே போதும், மேட்டுப்பாளையத்தில் இருந்து கார்கள் வரிசை கட்டி மலை ஏறுகின்றன. ஊட்டியைப் பார்த்த கையோடு 'அப்படியே முதுமலைக்கும் ஒரு ரவுண்டு' என்று கிளம்புகிறவர்கள் ஏராளம். இத்தனை வண்டியை மலை தாங்குமா என்ற கேள்விக்கு கோர்ட்டு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்துள்ளது. ஆனால் பாதிப் பிரச்சனை அப்படியே தான் கிடக்கிறது.

வண்டிக்கு வந்தது ரேஷன்

சீசனில் தினமும் 20 ஆயிரம் வண்டிகள் வரை நீலகிரிக்கு வருவதாக 2024ல் சென்னை ஐகோர்ட்டில் தெரிவிக்கப்பட்டது. அதைக் கேட்ட நீதிபதிகள் அந்த ஆண்டு மே 7ம் தேதி முதல் இ-பாஸ் முறையைக் கொண்டு வரச் சொன்னார்கள். அடுத்து 2025 ஏப்ரல் 1 முதல் வார நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டி என்று சீசனுக்கு உச்சவரம்பு வந்தது. உள்ளூர் பதிவு வண்டிகள், அரசு பஸ், விளைபொருள் ஏற்றி வரும் வண்டிகளுக்கு இது கிடையாது.

மறுநாளே, ஏப்ரல் 2ம் தேதி நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஏப்ரல், மே வருமானத்தை வைத்து மழைக்காலத்தை ஓட்டுகிறவர்கள் அவர்கள். கூட்டம் குறைந்தால் முதல் அடி பெரிய ஓட்டல் முதலாளிக்கு விழாது. வர்க்கி விற்கிறவர், ரூம் பாய், டாக்சி டிரைவர் வயிற்றில் தான் விழும்.

ரோடு தான், ஆனா காடு!

செக்போஸ்டில் வண்டியை எண்ணுவது சுலபம். உள்ளே போன வண்டி என்ன செய்கிறது என்பது தான் சிக்கல். முதுமலை 1990ல் தேசிய பூங்கா ஆனது, 2007ல் புலிகள் காப்பகம் ஆனது. ஊட்டி - மைசூர் நெடுஞ்சாலை இந்தக் காட்டுக்கு நடுவே தான் போகிறது. கேட்டும் இல்லை, வேலியும் இல்லை. அதனால் வருகிறவர்களுக்கு இது சாதாரண ரோடு மாதிரி தெரிகிறது. மான் நின்றால் பிரேக், குரங்கு வந்தால் சிப்ஸ், யானை தெரிந்தால் செல்பி!

இதே ரோட்டில் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பந்திப்பூரில் 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? செல்பி எடுக்க இறங்கிய ஒருவரை யானை துரத்தி மிதித்தது. மயிரிழையில் உயிர் தப்பிய அவருக்கு வனத்துறை 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. அந்த யானை மீது தப்பு சொல்ல முடியுமா? அது அதோட வீட்டில் நிற்கிறது, நாம தான் இறங்கிப் போனோம்.

2023ல் ஆஸ்கார் வாங்கிய குறும்படத்தால் தெப்பக்காடு யானைகள் முகாம் உலகத்துக்கே தெரிந்து விட்டது. ஆனால் சொந்தக் காரில் சபாரி போகலாம் என்று கனவு காணாதீர்கள். வனத்துறை வண்டியில் தான் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள். இரவு 9 முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் ரோடும் மூடப்படும்.

கல்லட்டி பாடம்

ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் வழி சுமார் இரு மடங்கு தூரம். அதனால் பலர் குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த 7 பேர் கார் இங்கே பள்ளத்தில் விழுந்தது. 2 நாள் கழித்துத் தான் வெளியே தெரிந்தது. 5 பேர் இறந்து விட்டார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கத் தடை போட்டார்கள். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கணும் என்பது மலை டிரைவர்களின் பால பாடம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போய் விடும்.

பஸ்ஸை விடுங்க சார்!

கோர்ட்டு கட்டுப்படுத்தியது வண்டியைத் தான், மனுஷனை இல்லை. இதை அரசு பிடித்துக் கொள்ள வேண்டும். ஒரு பஸ்சில் 50 பேர் போனால் 10 காராவது ரோட்டில் குறையும். கார்களை கீழேயும், ஊட்டி, கூடலூரிலும் நிறுத்த இடம் கொடுத்து, அங்கிருந்து தெப்பக்காட்டுக்கு அடிக்கடி பஸ் விட்டால், வர்க்கி கடைக்கும் ஆள் வரும், யானைக்கும் வழி கிடைக்கும். பஸ்சில் போகிறவன் நினைத்த இடத்தில் இறங்கி செல்பியும் எடுக்க முடியாது.

கார் இல்லாதவங்களுக்கும் ஒரு சேதி. அரசு பஸ்சுக்கு இ-பாஸ் வேண்டாம். ஊட்டியில் மைசூர் பஸ் ஏறினால் தெப்பக்காடு வழியாகத் தான் போகும். ஜன்னல் சீட் கிடைத்தால் கார்க்காரர் பார்க்கும் அதே காடு, அதே மான், பஸ் டிக்கெட் காசில்!