மிதிவெடித் தடைச் சமவாயத்திலிருந்து விலகிய நாடுகள்: செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

ஆட்களுக்கு எதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவாச் சமவாயத்திலிருந்து எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் 2025 டிசம்பர் 27இலும், பின்லாந்து 2026 ஜனவரி 10இலும், போலந்து 2026 பெப்ரவரி 20இலும் வெளியேறியதை அடுத்து, இலங்கையின் வடக்கில் மிதிவெடி அகற்றும் பணியோடும் மிதிவெடியால் உறுப்பிழந்தோரின் மறுவாழ்வோடும் தொடர்புடைய இவ்வமைப்பின் செயற்குழு தனது நிலைப்பாட்டை இவ்வறிக்கையின் வழியே வெளியிடுகிறது. உக்ரேன் பற்றிய பகுதி நீண்ட விவாதத்தின் பின் சேர்க்கப்பட்டது என்பதும், அதன் வாசகம் உறுப்பினர் எல்லோருக்கும் நிறைவளிக்கவில்லை என்பதும் தொடக்கத்திலேயே பதிவுசெய்யப்படுகின்றன.

சமவாயம் உருவான வரலாற்றை உறுப்பினர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆள் நெருங்குவதாலோ மிதிப்பதாலோ தொடுவதாலோ வெடிக்கும்படி அமைக்கப்பட்ட வெடியை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்துவதில்லை என்பதே முதலாவது உறுப்புரையின்படி அரசுகள் ஏற்றுக்கொண்ட கடப்பாடு. 20ஆவது உறுப்புரை ஆறு மாத அறிவித்தலுடன் விலக இடமளிப்பதால், ஐந்து நாடுகளின் விலகல் சட்டத்துக்குப் புறம்பானதன்று என்பதைச் செயற்குழு ஏற்கிறது. ஆயினும், 1999 மார்ச் 1இல் சமவாயம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் அதுவரை எந்த நாடும் பயன்படுத்தாதிருந்த அக்கதவை ஐந்து நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருப்பதைச் சாதாரண இறைமைச் செயலாக மட்டும் கருத முடியாது. போர் நெருங்கும்போது கைவிடப்படுவதற்காக இச்சமவாயம் எழுதப்படவில்லை; அமைதிக்காலத்துக்கு மட்டுமான மிதிவெடித் தடையை எவரும் கேட்கவுமில்லை.

ரஷ்யா உக்ரேன் மண்ணில் மிதிவெடிகளைப் பெருமளவில் புதைத்து வருவதும், அந்நாடு இச்சமவாயத்தில் ஒருபோதும் இணையாததும், அதன் அயல்நாடுகளின் அச்சத்துக்குக் காரணமாக இருப்பதும் மறுக்க முடியாதவை. முதற் கண்டனம் ரஷ்யாவுக்கே உரியது என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதே ரஷ்யாவுடன் நிலஎல்லையைப் பகிரும் நோர்வே சமவாயத்தில் நிலைத்திருக்கிறது என்பதால், வேறு வழியே இருக்கவில்லை என்ற வாதத்தை அப்படியே ஏற்பது கடினம். தன் கையிருப்பிலிருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை அழித்து 2015இல் அப்பணியை நிறைவுசெய்த பின்லாந்து, அதே ஆயுதத்தை மீண்டும் வைத்திருக்கும் உரிமையைத் தேடிக்கொண்டிருப்பது ஆழ்ந்த வருத்தத்துக்குரியது. வருத்தம் என்ற சொல் போதாது எனக் கருதிய உறுப்பினர்களும் உள்ளனர்.

விலகலை நியாயப்படுத்துவோர் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்றைச் செயற்குழு எவ்வகையிலும் ஏற்கவில்லை. மிதிவெடிகள் பொறுப்புடன் புதைக்கப்படும், புதைத்த இடங்கள் வரைபடத்தில் பதியப்படும், வேலியிடப்படும், போர் முடிந்ததும் எடுக்கப்படும் என்பதே அவ்வாதம். வரைபடத்துக்கும் மண்ணுக்கும் உள்ள தூரத்தை முழங்காலில் நின்று அளந்தவர்கள் கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு படைமுகாம் விடுதலைப் புலிகளின் வசமான பின்னர், 2009 ஜனவரி வரை, கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தை ஊடறுத்துச் சென்ற முன்னரங்கில் இரு தரப்பும் மிதிவெடிப் பட்டிகளைப் புதைத்தன. எதிர்த்தரப்பு புதைத்ததைத் தோண்டியெடுத்து வேறிடத்தில் புதைப்பதும் அப்போரில் நிகழ்ந்தது. அவ்வாறு இடம்மாறிய மிதிவெடி, முதலில் புதைத்தவரின் பதிவேட்டில் பழைய இடத்திலேயே இருக்கும். எறிகணை விழுந்தால் பட்டி கலைகிறது, வெள்ளம் வந்தால் மண்ணோடு வெடியும் நகர்கிறது, பற்றை வளர்ந்தால் அடையாளக் கட்டை மறைகிறது. உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக்காலான மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே இருப்பதால், உலோகங்காட்டும் கருவி எறிகணைச் சிதறலுக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் எழுப்பும் அதே ஒலியையே அதற்கும் எழுப்புகிறது. ஆகவேதான் கைவாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் கீறிப் பார்க்கும் முறை இன்றும் கைவிடப்படவில்லை. அப்பணியைச் செய்வோரில் கணிசமானோர் பெண்கள். போரில் துணைவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குவோர் அவர்களுள் பலர். பொறுப்புடன் புதைப்போம் என்று தலைநகர்களில் அமர்ந்து சொல்வோர், அந்தப் பொறுப்பு முடிவில் யாருடைய முழங்காலில் வந்து இறங்குகிறது என்பதைச் சொல்வதில்லை.

வறிய நாட்டின் உள்நாட்டுப் போரைச் சான்றாகக் கொள்ள முடியாது என்போருக்கு, வசதிமிக்க அரசொன்றின் பொறுப்பிலிருந்த போக்லாந்துத் தீவுகளைச் சுட்டலாம். 1982ஆம் ஆண்டுப் போரில் ஆர்ஜன்டீனப் படையினர் அங்கு புதைத்த மிதிவெடிகளை அகற்றும் பணியைப் பிரித்தானியா 2020 நவம்பரில்தான் முடித்தது. மிதிவெடி வயல்கள் வேலியிடப்பட்டிருந்தன, மக்கள் தொகை மிகக் குறைவு, பணத்துக்கும் பெருந்தட்டுப்பாடு இருக்கவில்லை. இருந்தும் 38 ஆண்டுகள் சென்றன. யோர்க் விரிகுடாவில் மணல்மேடுகள் இடம்மாறியதால் பழைய பதிவுகள் பெரிதும் உதவவில்லை. அங்கே அகற்றுநர்களாகப் பணியாற்றியோரில் பெரும்பாலோர் சிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள் என்பது தனியே சிந்திக்கத்தக்கது. குறித்த காலத்தில் தானே செயலிழக்கும் மிதிவெடி என்ற தீர்வும் சமவாயத்தின் தடைக்குள்ளேயே அடங்கும். அது செயலிழந்துவிட்டது என்பதை நிலத்துக்கு உரியவர் எவ்வாறு அறிவார் என்ற கேள்விக்கு இதுவரை மறுமொழி இல்லை.

2023ஆம் ஆண்டில் மட்டும் மிதிவெடிகளாலும் போரின் வெடிக்காத எச்சங்களாலும் உலகளவில் குறைந்தது 5,757 பேர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். அவர்களில் 84 விழுக்காட்டினர் பொதுமக்கள். உயிரிழப்போடு நிலமும் முடங்குகிறது: இலங்கையின் வடக்கிலுள்ள பளைப் பகுதியின் தென்னங்காணிகள் போன்ற விளைநிலம் மூடிக்கிடக்கும்வரை வறுமை ஒழிப்பும் மீள்குடியேற்றமும் ஏட்டளவிலேயே இருக்கும். நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் பதினேழுடன், மிதிவெடியற்ற நிலையைப் பதினெட்டாவது இலக்காகக் கம்போடியா தானே சேர்த்துக்கொண்டது இக்காரணம் பற்றியே. ஆறாவது உறுப்புரை வலியுறுத்தும் சர்வதேச உதவி எவ்வளவு நிலையற்றது என்பதை, 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் நிதியுதவியைத் திடீரென இடைநிறுத்தியபோது அகற்றும் பணியிலிருந்தோர் நேரடியாக உணர்ந்தனர்.

உக்ரேனைப் பொறுத்தவரை, ஆக்கிரமிப்புக்கு உள்ளான நாட்டுக்கு அறிவுரை கூறும் தகுதி இவ்வமைப்புக்கு உண்டா என்ற தயக்கம் செயற்குழுவில் வெளிப்பட்டது. எனினும் 2025 ஜூலையில் அந்நாடு அறிவித்த இடைநிறுத்தம் என்ற வழிக்குச் சமவாயத்தில் இடமில்லை. விலகல் அறிவித்தலின் ஆறு மாதம் முடியும்போது ஆயுதப் பிணக்கில் ஈடுபட்டிருக்கும் நாட்டின் விலகல், அப்பிணக்கு ஓயும்வரை செல்லாது என்று அதே 20ஆவது உறுப்புரை கூறுவதால், விலகலால் அடைய முடியாததை இடைநிறுத்தத்தால் அடைய முயல்வது சமவாயத்தின் அடிப்படையையே தளர்த்தும் எனப் பெரும்பான்மையினர் கருதுகின்றனர். 2024 நவம்பரில் உக்ரேனுக்கு மிதிவெடி வழங்க அமெரிக்கா அனுமதித்ததைப் பற்றிச் செயற்குழுவின் கருத்து இதைவிடக் கடுமையானது.

இந்தியா, சீனா, பாகிஸ்தான் ஆகியன இணையாதிருப்பது பற்றிய இவ்வமைப்பின் முந்தைய கோரிக்கைகள் மாறவில்லை. 2017 டிசம்பரில் இணைந்த இலங்கை, 2028 ஜூன் 1க்குள் அகற்றும் பணியை முடிக்கக் கடமைப்பட்டுள்ளது. விலகல்களைக் காரணங்காட்டி இக்கடமையைத் தளர்த்த எவரும் முயன்றால் இவ்வமைப்பு அதனை எதிர்க்கும்.

மேற்கூறியவற்றின் அடிப்படையில், ஐந்து நாடுகளும் தம் முடிவை மீளாய்வுசெய்து சமவாயத்தில் மீண்டும் இணைய வேண்டும் எனவும், அதுவரை மிதிவெடிகளை உற்பத்தி செய்யவோ பிற நாடுகளுக்குக் கைமாற்றவோ கூடாது எனவும், உக்ரேன் தன் அறிவித்தலை மீளப்பெற வேண்டும் எனவும், எஞ்சியுள்ள தரப்பு நாடுகள் இடைநிறுத்தத்துக்கு எதிரான தம் ஆட்சேபத்தை எழுத்தில் பதிய வேண்டும் எனவும், இலங்கை அரசு அவ்வாறான ஆட்சேபத்தைத் தாமதமின்றி முன்வைக்க வேண்டும் எனவும் இவ்வமைப்பு கோருகிறது. விலகிய நாடுகள் எவையேனும் மிதிவெடி அகற்றலுக்கு நிதி வழங்க முன்வந்தால் அதனை ஏற்பதா என்பதில் செயற்குழு இணக்கம் காணவில்லை. அகற்றும் பணி ஒரு நாளும் நிற்கலாகாது என்ற கருத்தும், ஒரு கையால் புதைக்க உரிமை கேட்போரின் மறுகையிலிருந்து பணம் பெறலாகாது என்ற கருத்தும் சம அளவில் நின்றமையால், அது அடுத்த பொதுச்சபையின் வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது.