மஞ்சள் போர்டும் வெள்ளை போர்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் தலைச்சோலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏற்காடு ஏரிப் பக்கம் டாக்ஸி ஓட்டுகிறவர். "சார், வண்டியை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். மஞ்சள் போர்டு வண்டி. பர்மிட், எஃப்.சி., வரி, சொந்தக் காரை விட அதிகமான இன்சூரன்ஸ் எல்லாம் கட்டி முடித்து ஸ்டாண்டுக்கு வந்தால், பக்கத்திலேயே வெள்ளை போர்டு கார் நிற்கிறது. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் மூன்றையும் குறைந்த வாடகைக்குச் சுற்றிக் காட்டுகிறது. "அவன்கிட்ட நான் எப்படி சார் போட்டி போட முடியும்?" என்று கேட்டார்.

அந்த "அவன்" யார் என்று எனக்குத் தெரியும். அவனும் என் மாணவன்தான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. மஞ்சள் போர்டு வண்டி முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பின் வருடா வருடமும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். சொந்தக் காருக்கு 15 வருடம் அந்தத் தொல்லை இல்லை. அதாவது பிரேக் தேய்ந்த வண்டியா, இல்லையா என்று யாரும் பார்க்காமலேயே அது 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கலாம். ஏதாவது ஆனால், வாடகைக்கு ஓட்டிய சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். வாடகை மிச்சம் என்று ஏறிய குடும்பத்துக்கு இது தெரியாது.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு ராத்திரி ஒரு மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத் திணறல். எங்களைச் சேலத்துக்கு இறக்கிக் கொண்டுபோனது வெள்ளை போர்டு வண்டிதான். மலைக் கிராமங்களில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிப் போவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஜீப்தான். மஞ்சள் போர்டு ஏரியைச் சுற்றித்தான் நிற்கிறது. நம் ஜனங்கள் இருக்கும் பக்கம் வருவதில்லை. ஆகவே "எல்லாரையும் பிடித்து உள்ளே போடு" என்று என்னால் எழுத முடியவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஓட்டுகிறவர் பற்றியது. முன்பெல்லாம் டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வேண்டும். 7,500 கிலோவுக்குக் குறைந்த வண்டிக்கு சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. பிழைப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சமதளத்தில் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர், மறுநாள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கலாம் என்று ஆகிறது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காது, குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். இதெல்லாம் நம் பையன்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. வெளியூரிலிருந்து வரும் ஆக்டிங் டிரைவருக்கு? 2024 ஏப்ரல் கடைசியில் இதே மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்ததை மறந்துவிட்டோமா?

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இங்கேயும் இ-பாஸ் வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடக்கிறது. அது மலைக்கு வரும் வண்டிகளை எண்ணும். ஓட்டுகிறவர் கையைப் பார்க்காது.

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட 'நாலெட்ஜ்' என்று ஒரு பரீட்சை. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் படிக்கிறார்கள். (நான் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னதற்கே அழுதவர்கள் இதைப் படிக்கிறீர்கள், தெரியும்.) லண்டனுக்கு வெளியே மற்ற ஊர்களில் டாக்ஸிக்கும் டிரைவருக்கும் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த ஊர் கவுன்சில். இங்கே நம் ஊராட்சிக்கு அந்த அதிகாரம் கிடையாது. பர்மிட் ஆர்.டி.ஓ. கையில், வாடகை நிர்ணயம் மாநில அரசு கையில்.

அதற்காக ஊராட்சி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வண்டி நிற்கும் இடத்தை முடிவு செய்யும்போது உள்ளாட்சி அமைப்பைக் கலந்து பேச வேண்டும் என்று அதே சட்டத்தின் 117-ஆம் பிரிவு சொல்கிறது. தலைச்சோலை மாதிரி ஊர்களுக்கும் இரண்டு வண்டி நிற்கிற ஸ்டாண்ட் கேட்கலாம். ஏரி ஸ்டாண்டில் எந்த இடத்துக்கு எவ்வளவு என்று வாடகைப் பலகை வைக்கச் சொல்லலாம். வெள்ளை போர்டை மஞ்சளாக மாற்ற விரும்புகிறவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலர்கள் மலைக்கே வந்து முகாம் போட்டு, முதல் வருட வரியைத் தவணையில் வாங்கலாம். மலையில் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அடிவாரத்திலிருந்து மேலே வரை ஒரு தடவை ஓட்டிக் காட்டும் சோதனை வேண்டும், உள்ளூர்க்காரருக்கும் சேர்த்துத்தான்.

இதைத் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிராம சபையில் கொடுக்கப் போகிறேன். அதன் நகலோடு ஒரு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும் போவேன். மஞ்சள் போர்டு மாணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், வண்டியை இந்த சீசன் வரை வைத்துப் பார்க்கிறாராம். இன்னொருவரைக் கூப்பிட்டேன். "வரி எவ்ளோ ஆகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார், அப்புறம் போடறேன்" என்றான். கேட்டுக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.