நடுவரே கடை விரித்தால்

"பையன் கைப்பேசியில் ஏதோ விளையாடுகிறான். மாதத்துக்கு நூறோ இருநூறோ கேட்கிறான். சினிமாவுக்குப் போனால் செலவாகாதா, ஓட்டலுக்குப் போனால் செலவாகாதா? இதில் போய் என்ன ஐயா தர்மம், அதர்மம்?"

இப்படிக் கேட்கிறவர்கள் அநேகம் பேர். படித்தவர்கள், பிள்ளைகளிடம் பிரியம் உள்ளவர்கள். கேள்வியும் அற்பமானதல்ல. ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் பல இன்று இலவசம். நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே போன பிறகுதான் கடை கண்ணில் படும். சட்டை, தொப்பி, துப்பாக்கிக்குப் பூசும் வர்ணம், ஜெயித்ததும் போடும் குத்தாட்டம், அடுத்த கட்டத்துக்குச் சீக்கிரம் போக ஒரு சலுகை, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விலை. இதற்கு 'மைக்ரோ டிரான்சாக்ஷன்' என்று பெயர். நாம் சில்லறை வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம்.

வியாபாரம் செய்வதையே நான் குற்றமாகச் சொல்லவில்லை. திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன்காரர் நிற்கிறார். குழந்தை கேட்கிறது, தகப்பனார் வாங்கிக் கொடுக்கிறார். இதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் பலூன்காரரே ராட்டினத்தையும் சுற்றுகிறார் என்று வையுங்கள். பலூன் வாங்காத குழந்தையின் தொட்டிலை மட்டும் அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறார் என்று வையுங்கள். அப்போதும் அவரை வியாபாரி என்றுதான் சொல்வீர்களா? என் வழக்கு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

விளையாட்டு எதனால் விளையாட்டாகிறது? கோடு எல்லோருக்கும் ஒன்று என்பதால். வெளியே அவன் முதலாளி மகனாக இருக்கலாம், இவன் கூலிக்காரன் மகனாக இருக்கலாம். கபடிக் கோட்டைத் தாண்டிவிட்டால் இருவருக்கும் மூச்சு ஒன்றுதான். கேரம் பலகையில் பணக்காரன் காய் தனி எடையில் ஓடுவதில்லை. பணம் செல்லுபடியாகாத இடங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றைக் குழந்தைகள் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள். அங்கேதான் இப்போது கல்லாப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பம் என்னவோ சாதுவாகத்தான் இருந்தது. 2006-ல் பெதஸ்டா என்ற அமெரிக்கக் கம்பெனி, 'ஆப்லிவியன்' என்ற தன் விளையாட்டில் குதிரைக்குப் போடும் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றது. ஆட்டக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இல்லாத குதிரைக்கு இல்லாத கவசமா என்று பரிகாசம் செய்தார்கள். சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்க, வியாபாரம் வளர்ந்தது.

2017-க்கு வாருங்கள். இ.ஏ. என்ற பெரிய கம்பெனி 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' என்ற விளையாட்டை வெளியிடத் தயாரானது. இது இலவசம் அல்ல. விலை 60 டாலர். ஆனால் அந்த சினிமாவில் குழந்தைகள் முதலில் தேடுகிற பாத்திரமான டார்த் வேடர் பூட்டிக் கிடந்தார். அவரைத் திறக்க விளையாட்டுக் காசு 60,000 வேண்டும். ஆடியே சம்பாதிப்பதென்றால் ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். பொறுமை இல்லாதவர்களுக்குக் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது: காசு கொடுத்துப் பெட்டி வாங்கலாம். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் நன்றாக இருந்தால் எதிராளியை விடப் பலம் கூடும் சீட்டு கிடைக்கும்.

ஜனங்கள் கொதித்தார்கள். உழைத்துச் சாதித்தோம் என்ற பெருமிதம் ஆட்டக்காரர்களுக்கு வரவேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறோம் என்று கம்பெனி சமாதானம் சொன்னது. அந்தச் சமாதானத்துக்கு விழுந்த எதிர் வோட்டுகள் 6 லட்சத்துக்கும் மேல். விலையை முக்கால் பங்கு குறைத்தார்கள். அப்போதும் கோபம் அடங்கவில்லை. கடைசியில் விளையாட்டு வெளிவருவதற்குச் சற்று முன்பாகக் கடையையே மூடினார்கள். அடுத்த ஆண்டு திறந்தபோது உடைகளும் அலங்காரங்களும் மட்டுமே விலைக்கு வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாற்பது மணி நேரத் தாமதத்தை உண்டாக்கியவர் யார்? கம்பெனி. அந்தத் தாமதத்துக்கு மருந்து விற்றவர் யார்? அதே கம்பெனி. நோயும் அவர் கைங்கரியம், மருந்துக்கடையும் அவருடையது.

இதைவிடப் பச்சையான சாட்சி ஒன்று இருக்கிறது. ஆக்டிவிஷன் என்ற கம்பெனி 2015-ல் விண்ணப்பித்த ஒரு காப்புரிமை 2017 அக்டோபரில் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. எந்த ஆட்டக்காரனை எவனோடு மோதவிடுவது என்று தீர்மானிக்கும் ஏற்பாடு அது. கற்றுக்குட்டி ஒருவனை, நல்ல துப்பாக்கியை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் கெட்டிக்காரனோடு சேர்த்துவிட வேண்டும். கற்றுக்குட்டி அடிபடுவான், அந்தத் துப்பாக்கி மேல் ஆசைப்படுவான், வாங்குவான். வாங்கியதும், அந்தத் துப்பாக்கி நன்றாக வேலை செய்யக்கூடிய ஆட்டமாகப் பார்த்து அவனை இறக்கிவிட வேண்டும். வாங்கியது வீண் போகவில்லை என்று அவன் மனம் குளிரும். இதை எந்த விளையாட்டிலும் நாங்கள் பயன்படுத்தவில்லை என்று கம்பெனி சொன்னது. அப்படியே இருக்கட்டும். ஆனால் இப்படி ஒன்றை யோசித்து, எழுதி, இது எங்கள் சொத்து என்று சர்க்காரிடம் பதிந்துகொள்ளவும் செய்தார்களே, அதற்கு என்ன சொல்வது? மகாபாரதத்தில் மண்டபம் கட்டியவன் துரியோதனன். காய் உருட்டியவன் சகுனி. ஆளுக்கொரு வேலையாவது இருந்தது. இங்கே இரண்டு வேலைக்கும் ஒரே ஆள். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

இனி அந்த அதிர்ஷ்டப் பெட்டி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'லூட் பாக்ஸ்'. 'லூட்' என்பது ஹிந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், அர்த்தம் கொள்ளை. பெயர் வைக்கும்போதாவது உண்மை பேசினார்களே என்று சந்தோஷப்படலாம். 2019 ஜூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக் கமிட்டி இது சூதாட்டம் இல்லையா என்று கேட்டது. இ.ஏ. கம்பெனியின் துணைத் தலைவர் ஒருவர், இதை நாங்கள் ஆச்சரிய ஏற்பாடு என்றுதான் சொல்கிறோம் என்றார். குழந்தைகள் வாங்கும் கிண்டர் சாக்லேட் முட்டை மாதிரி என்றார்.

உவமை சொல்வது எங்கள் தொழில். அதனால் இந்த உவமையை நான் கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன். முட்டை வாங்கிய குழந்தைக்கு உள்ளே எந்தப் பொம்மை இருந்தாலும் சாக்லேட் மிஞ்சும். ஒரே பொம்மை இரண்டாகிவிட்டால் எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம். முட்டை விற்றவருக்கு, குழந்தை நேற்று ராத்திரி எத்தனை மணி வரை விழித்திருந்தது, எத்தனை முறை தோற்றது என்பது தெரியாது. பெட்டி விற்கிறவருக்கு இது எல்லாம் தெரியும். பெட்டியில் கிடைத்த சட்டையையோ பெரும்பாலும் யாருக்கும் கொடுக்க முடியாது. கம்பெனி கதவைச் சாத்திய அன்று சட்டையும் போய்விடும். 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் கம்பெனி 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது ஆட முடியாத வெறும் தட்டாகிப் போனது.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். இந்த வியாபாரத்தில் அளவுக்கு மீறிச் செலவழிக்கும் ஆட்டக்காரனுக்குத் 'திமிங்கிலம்' என்று பெயர். சூதாட்ட விடுதிகளிலிருந்து இரவல் வாங்கிய சொல் இது. சூதாட்டம் இல்லை, இல்லை என்று கமிட்டியின் முன் சாதிக்கிறவர்கள் வாடிக்கையாளருக்குப் பெயர் தேட மட்டும் அங்கேதான் போயிருக்கிறார்கள்.

சில தேசங்கள் விழித்துக்கொண்டன. துண்டு துண்டாகக் குலுக்கலில் சேர்த்து முழு வரிசையையும் பூர்த்தி செய்தால்தான் பரிசு என்ற ஏற்பாட்டை ஜப்பான் 2012-லேயே சட்ட விரோதம் என்றது. பெல்ஜியம் 2018-ல் காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. எல்லா இடத்திலும் ஜெயம் என்று சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் இ.ஏ. மீது போட்ட 1 கோடி யூரோ அபராதத்தை மேல்கோர்ட் 2022-ல் ரத்து செய்துவிட்டது. பிரிட்டனிலும் கமிட்டி சொன்னதை சர்க்கார் ஏற்காமல், கம்பெனிகளே திருந்திக்கொள்ளட்டும் என்று அதே ஆண்டில் விட்டுவிட்டது. சட்டம் தயங்குகிறது என்பதற்காகத் தர்மமும் தயங்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு வாசகர் என்னையே மடக்கலாம். "நீர் மட்டும் யோக்கியமா? கதாநாயகியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' என்று போடுகிறீரே, அது தூண்டில் இல்லையா?" தூண்டில்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகையின் விலை அட்டையில் அச்சாகியிருக்கிறது. ஒரே விலைதான், கலெக்டருக்கும் கிளார்க்குக்கும் ஒரே அத்தியாயம்தான். பாதிக் கதையில் நிறுத்தி, கதாநாயகி பிழைக்க வேண்டுமானால் இன்னும் பத்து ரூபாய் என்று நான் கை நீட்டுவதில்லை. சந்தாக் கட்டாத வாசகருக்கென்று வேண்டுமென்றே ஒரு மட்டமான அத்தியாயம் எழுதித் தருவதும் இல்லை. ஆசையைத் தூண்டுவது எல்லாக் கலைக்கும் உள்ள குணம். ஆசையைத் தூண்டிவிட்டு விலையை மறைப்பது வேறு சமாசாரம்.

விலையை எப்படி மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். உள்ளே ரூபாய் செல்லாது. ஒரு விளையாட்டில் வைரம், இன்னொன்றில் வேறு ஏதோ காசு. உதாரணத்துக்கு, சட்டையின் விலை 80 காசு என்று வையுங்கள். காசுப் பொட்டலமோ 60, அல்லது 150. இரண்டாவது பொட்டலத்தை வாங்கினால் 70 மிச்சம். மிச்சம் உறுத்திக்கொண்டே இருக்கும். இன்னும் பத்துச் சேர்ந்தால் இன்னொரு சட்டை! சில விளையாட்டுகளில் ரூபாய் ஒரு காசாகி, அந்தக் காசு இன்னொரு காசாகி, அதுவும் பிறகு குலுக்கல் சீட்டாகிறது. 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற விளையாட்டின் கம்பெனி மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் சொன்ன குற்றச்சாட்டுகளில் இந்தக் குழப்படியும் ஒன்று. 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் பெட்டி விற்பதில்லை என்றும் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

"பெற்றோர் கவனித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பது அடுத்த வாதம். கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் எபிக் கம்பெனி 2022 டிசம்பரில் அதே கமிஷனுடன் செய்துகொண்ட சமரசத்தில் 52 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 27.5 கோடி, குழந்தைகளைப் பற்றிய விவரங்களைச் சேகரித்த விஷயத்துக்காக. மீதி 24.5 கோடி, ஏமாந்து காசு இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. பொத்தான்களின் அமைப்பே குழப்பமானது, பொருளைச் சும்மா பார்க்க நினைத்து விரல் தவறினாலும் காசு போயிற்று, காசைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கைக் கம்பெனி பூட்டிவிட்டது என்பவை கமிஷனின் குற்றச்சாட்டுகள். ஒரு பக்கம் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும் தாய். இன்னொரு பக்கம் பொத்தானை எந்த இடத்தில் வைத்தால் பிள்ளையின் விரல் படும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிப்பவர்கள். தாய் தோற்றால் தாயின் மேல் குற்றமா?

"வெறும் அலங்காரம்தானே விற்கிறார்கள், அதனால் யாரும் ஜெயிப்பதில்லையே" என்றும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சீருடை எதற்காக வைத்தோம்? பணக்காரப் பிள்ளையின் பட்டுச் சட்டைக்குப் பக்கத்தில் ஏழைப் பிள்ளை கூசி உட்காரக் கூடாது என்பதற்காக. ஃபோர்ட்நைட்டில் காசு கொடுத்து உடை வாங்காத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் 'டிஃபால்ட்' என்று ஏளனம் செய்தார்கள். விலை கொடுக்காதவன் என்று அர்த்தம். பள்ளிக்கூட வாசலில் நாம் துரத்திய பேதத்தை இவர்கள் விளையாட்டு மைதானத்தில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

நம் நாட்டில் என்ன செய்தோம்? 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். சொன்ன காரணம் தேசத்தின் பாதுகாப்பு. பையனின் பர்ஸைப் பற்றிப் பேச்சு இல்லை. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் வந்தது. கடையும் கூடவே வந்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்தது, நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டத்தின் குறி பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆசையின் மேல். பணம் கட்டிச் சட்டை வெல்லும் குழந்தையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்த தமிழ்நாட்டில், அப்பா கிழிக்கக் கூடாத சீட்டை மகன் கிழிக்கிறான்.

நான் கேட்பது பெரிதல்ல. விலையை ரூபாயில் போடுங்கள். குலுக்கல் வேண்டாம், என்ன பொருள் என்று காட்டி விற்றுவிடுங்கள். வெற்றியை எந்த விலைக்கும் விற்காதீர்கள். சிறுவர் கணக்கில் கடை பூட்டியே இருக்கட்டும். பெற்றவர்கள் வேண்டுமானால் திறந்துகொள்வார்கள். இவ்வளவு செய்தால் கம்பெனி பிழைக்காது என்பார்களானால், எதை விற்றுப் பிழைத்தார்கள் என்பது அந்தப் பதிலிலேயே வெளியாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பையன் நூறு ரூபாய் கேட்டால் அதட்டிக் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் கேட்கும் பொருள் ரூபாயில் என்ன விலை என்று ஒரு காகிதத்தில் இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லேசில் விடை வராது. ஏன் வரவில்லை என்று அவன் கேட்பான், அப்போது சொல்லுங்கள்.